பதினான்கு மீட்டர்

சஸ்பென்ஷனில் இருபத்திரண்டாவது நாள்.
சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து
எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்,
மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி
ஆறு சக்கரமும் மேலே.

பர்மா பஜாரில் ஆயிரத்து நூறு.
"ஓடாது சார், ஷோகேஸ்ல வெச்சுக்கோ."
அறுபது வருஷத்துக்கு முந்திய ஜெர்மன் சரக்கு.
உள்ளங்கை நீளம்தான்,
தூக்கினால் அரைக்கிலோ.
எந்தக் கப்பல்காரன் எந்தப் பிள்ளைக்கு வாங்கி
கொடுக்காமலே விட்டானோ.

பெரிய எஞ்சின் மக்கர் பண்ணினால்
பையில் ஒரு புத்தகம் இருக்கும் எங்களுக்கு.
இந்த விளக்கு எரிந்தால் இந்த ரிலேயைப் பார்,
தீராவிட்டால் கன்ட்ரோலுக்குச் சொல்.
இதற்குப் புத்தகமும் இல்லை, விளக்கும் இல்லை.
சொல்லியழக் கன்ட்ரோலும் இல்லை.

முதலில் சக்கரம்.
பெட்ரோலில் நனைத்த காதுக்குச்சி பதினேழு கறுத்தன.
ஓடவில்லை.
அப்புறம் கிரீஸ்.
பலாப்பிசினாய் இறுகிக் கிடந்ததைப்
பல் குத்தும் குச்சியால்
ஒவ்வொரு பல்லாகக் குத்தி எடுத்தேன்.
ஓடவில்லை.
எம்.சி. ரோட்டில் தையல் மிஷின் பார்க்கிற கனி பாய்
மருந்து பாட்டிலில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.
"ஒரு சொட்டு. ரெண்டாவது சொட்டு விட்டா
அதுவே ரிப்பேர்."
வேலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை.
கேட்காததற்கே ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

விசாரணையில் மூன்று பேர்.
பிரேக் பிடித்ததா? பிடித்தது.
சிக்னல் தெரிந்ததா? தெரிந்தது.
தூங்கினீரா? இல்லை.
அத்திப்பட்டிலிருந்து ஐம்பத்தெட்டு காலிக் கரி வேகன்,
கொருக்குப்பேட்டைக்கு முன்னால்
சிவப்பைத் தாண்டிப் பதினான்கு மீட்டர்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
குப்பை மேய்ந்த ஆடுகூட நிமிரவில்லை.
"அப்போ என்னதான் யோசிச்சுட்டு இருந்தீங்க?"
அவர் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுவதைப் பார்த்தேன்.
ஒரு இறக்கை லேசாக வளைந்திருந்தது.

நேற்று ராத்திரி மோட்டாரைத் திறந்தேன்.
கார்பன் தேய்ந்து தேய்ந்து
ஸ்பிரிங் வெறும் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது.
காயில் நல்ல காயில், காந்தம் நல்ல காந்தம்.
இத்தனை வருஷமும் இழுக்கத் தயாராய்
நின்றிருக்கிறது இது,
ஒரு அரிசியளவு கரி எட்டாமல்.
டார்ச் பேட்டரியை உடைத்துக் கரிக்குச்சியை உருவி
மாடிப்படி சிமென்ட்டில் தேய்த்தேன்.
மூன்று உடைந்தது. நாலாவது உட்கார்ந்தது.
இன்டர்நெட் பெட்டியின் அடாப்டரைப் பிடுங்கி
தண்டவாளத்தில் கொடுத்தேன்.

பின்னால் ஓடியது.

காந்தத்தைத் தலைகீழாய்ப் போட்டிருக்கிறேன்.
திரும்பப் பிரிக்கத் தெம்பில்லை,
ஒயரை மாற்றிக் கொடுத்தேன்.
முன்னால் போனது,
சின்னச் சின்ன நீலப்பொறி,
வெல்டிங் கடை வாசனை.

எமல்டா கையெல்லாம் மீன் செதிலோடு வந்து நின்றாள்.
மூன்று சுற்று பார்த்தாள்.
தண்ணீர் கேன் மூடி, சிவப்பு,
அதை எடுத்துத் தண்டவாளத்தின் நடுவில் வைத்தாள்.
"நிக்குதா பாப்போம்."
முட்டியது. நிற்கவில்லை.
மூடியை மூக்கில் தள்ளிக்கொண்டே
முழுசாய் ஒரு சுற்று வந்தது.
சுவிட்ச் என் விரலுக்கடியில்தான் இருந்தது.
அவள் என் விரலைப் பார்த்தாள்,
அடுப்பில் குழம்பு பொங்குகிற சத்தத்துக்குப் போய்விட்டாள்.
மேசையில் ஒரு செதில்
காய்ந்துகொண்டிருந்தது.

இன்று நோட்டு போட்டிருக்கிறேன்.
சக்கரம் துடைத்தது. எண்ணெய், ஒரு சொட்டு.
கோளாறு: கார்பன். காரணம்: தேய்மானம்.
எழுதும்போது கை நன்றாக இருந்தது.
மூடியைப் பாதை ஓரமாய் வைத்து
அதற்கு நேராக எஞ்சினை நிறுத்தினேன்.

ஒன்பது நாற்பதுக்குக் கூட்ஸ்.
வியாசர்பாடி ஜீவாவைத் தாண்டும்போதே
எங்கள் பிளாக்குக்குத் தெரிந்துவிடும்.
அலமாரியில் தம்ளர்கள் பேச ஆரம்பிக்கும்.
அடாப்டர் சோபாவில் கிடக்கிறது.
யார் கையும் படவில்லை.
எஞ்சின் நகர்ந்தது, மூடியைத் தாண்டி.
ஸ்கேல் வைத்து அளந்தேன்: நாலு மில்லிமீட்டர்.
அதையும் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி
கடைசி வேகனின் சிவப்பு விளக்கு
ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாய்க் கடக்கும்வரை