கவுச்சி

குடிகாட்டில் நான் ஏறியதும்
பக்கத்து சீட் தானாகக் காலியாகும்.
இரவு ஷிப்ட் முடித்து வருகிறவள் மேல்
பதினேழாம் நம்பர் டிரம்மின் வாடை.
மூன்று தடவை சோப்பு. போகாது.
ஜன்னலோடு ஒட்டிக்கொள்வேன்.

முதுநகரில் அலுமினியக் கூடையோடு ஒருத்தி.
"பின்னாடி போம்மா" என்றார் கண்டக்டர்.
பின்னாடி இருந்த ஒரே இடம் என் பக்கம்.
கூடையில் சுறாத் துண்டு, மேலே ஈரச்சாக்கு.
மூக்கைச் சுளித்தேன்.
அவளும் சுளித்தாள்.
"என்னா பாப்பா, உம்மேலயா இந்தக் கவுச்சி?"

சிரிப்பு வந்துவிட்டது.
ரெண்டும் ஒன்றுதான்:
நடுவில் ஒரு நைட்ரஜன், அதைப் பிடித்தபடி மூன்று கார்பன்,
கார்பனுக்கு மூன்றாய் ஒன்பது ஹைட்ரஜன்.
டிரம்மில் இருந்தால் அதற்கு விலையும் எச்சரிக்கைப் படமும்.
கூடையில் இருந்தால் ஈ.

சுறா நீந்தியபோது அது நாறவில்லை.
தலையில் ஓர் ஆக்சிஜன் சுமந்திருந்தது.
யூரியா வந்து புரதத்தின் மடிப்பை
இழுத்து இழுத்துப் பார்க்கும்போதெல்லாம்
கொசுவம் கலையாமல் காத்தது.
சுறா செத்தது.
பாக்டீரியாக்கள், தாம் மூச்சுவிட,
அந்த ஆக்சிஜனைக் கழற்றிக்கொண்டன.
மிச்சம் பறந்தது
ஐஸைத் தாண்டி, சாக்கைத் தாண்டி,
டிரைவர் சீட் வரைக்கும்.

இதை அவளிடம் எங்கே தொடங்க?
"கம்பெனி மருந்து" என்றேன்.
"எத போட்டுக் கழுவுற?"
"சோப்பு."
"சோப்பா!"
அரிவாள்மனையே கேட்டால் சிரிக்கும் என்பதுபோல் பார்த்தாள்.

கெடிலம் பாலத்தில் பஸ் ஏறும்போது
கூடைக்கடியில் துழாவி
கொட்டை எடுக்காத புளியில் ஒரு துண்டு பிய்த்து
என் உள்ளங்கையில் அப்பினாள்.
பாட்டில் தண்ணீரையும் அவளே சாய்த்தாள்.
"தேய்."

ஐந்து வருஷமாய் லேபில்
பி.எச். அளந்து கையெழுத்துப் போடுகிறேன்.
சோப்பும் காரம், அமைனும் காரம்,
ஒன்றை ஒன்று என்ன செய்துவிடும்?
புளி ஒரு புரோட்டானை நீட்டும்.
நைட்ரஜன், யாரோடும் பங்கிடாமல் வைத்திருந்த
இரண்டு எலெக்ட்ரானால் அதைப் பற்றும்.
பற்றியது பிறகு பறக்காது.
உப்பாகித் தண்ணீரோடு போய்விடும்.
எல்லாம் தெரியும்.
புளியை மட்டும் நினைத்ததில்லை.

மஞ்சக்குப்பத்தில் இறங்கும்போது சொன்னாள்:
"அஞ்சலாட்சின்னு கேளு. மீனு வாங்குனா புளி சும்மா."

காலி சீட்டில் ஈரச்சாக்கின் தடம்.
பழுப்பேறிய விரலை முகர்ந்தேன்.
புளி.
அதற்கும் அடியில், லேசாக,
அவளுடையதா என்னுடையதா
பிரிக்க முடியாத ஒன்று.