எட்டுக்கு ஒன்று

பதினாறு வருடம் வீடு மாற்றும் லாரியில் இருந்தவன் நான்.
கடப்பாரை நுனியைச் செருகி
அடியில் ஒரு மரக்கட்டையைத் தள்ளி
இந்தப் பக்கம் அமுக்கினால்
அந்தப் பக்கம் பியானோவே எழுந்து நிற்கும்.
கொஞ்சம் கொடுத்து நிறைய வாங்குவது:
எனக்குத் தெரிந்த ஒரே லாபம் அதுதான்.

பொங்கோலில் ஒரு குளிர்பெட்டி
படியில் வழுக்கியது. வலக்கையால் பிடித்தேன்.
உள்ளே ஏதோ டப்பென்றது.
கயிறு அறுந்த சுருட்டுத் திரையாய்
புஜத்துச் சதை தோளை நோக்கி ஓடிவிட்டது.

தைத்தார்கள். கட்டினார்கள். அவிழ்த்தார்கள்.
பிறகு ஈசூன் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
ஷாஹிரா என் உள்ளங்கையில்
ஒரு கிலோ டம்பெல்லை வைத்தாள்,
பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் முழங்கையைத் தொட்டாள்.
"அச்சு இது. தசைநார் ஒட்டியிருப்பது
மூன்று விரல் தள்ளி, இங்கே.
பாரம் எங்கோ தூரத்தில், கையில்.
ஒரு கிலோவைத் தாங்க
சதை எட்டு கிலோ இழுக்கணும் அங்கிள்."

எட்டா?
எந்த மடையன் போட்ட கணக்கு?
எட்டுக் கொடுத்து ஒன்று வாங்கும் இந்தக் கடையைத்
தோளில் மாட்டிக்கொண்டா
ஊரார் அலமாரியெல்லாம் சுமந்தேன்?

அவள் சிரிக்கவில்லை. அளவுநாடாவை எடுத்தாள்.
"மடக்குங்க."
சதை சுருங்கியது கட்டைவிரல் நீளம்.
கை போனது
தொடையிலிருந்து வாய் வரை.

"இப்போ குதிகாலைத் தூக்கி நில்லுங்க.
அங்கே உடம்புக்கு லாபம்தான்.
எவ்வளவு உயர்ந்தீங்க?"
நான்கு விரல்.
லாபத்தை வைத்துக்கொண்டு
நான்கு விரல் உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் கோமளா இரவு வேலை முடிந்து தூங்குகிறாள்.
பன்னிரண்டாம் மாடிச் சமையலறை ஜன்னல்,
ஈரத்துணி, மூங்கில் கழி.
போர்வையை நுனிக்குத் தள்ளித் தூக்கினேன்.
கழி தலை கவிழ்ந்தது. கை
பழைய டப் சத்தத்தை நினைத்துக்கொண்டது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
அவள் போர்வையைக் கைக்கு அருகில் போடுவாள்.
அதற்கப்பால் சட்டை, அதற்கப்பால் துண்டு,
காலுறைகள் கடைசியில், வானத்துப் பக்கம்.
இருபது வருடம் அதன் கீழே உட்கார்ந்து
காப்பி குடித்திருக்கிறேன்.
அழகுக்காக என்று நினைத்திருந்தேன், நினைத்திருந்தால்.

எல்லாவற்றையும் உருவி
அவள் வரிசையில் மாட்டினேன்.
பின்கை அமுக்க, முன்கை தாங்க
கழி அசைந்து அசைந்து
குழாய்த் துளையில் இறங்கியது.
நுனியிலிருந்து ஒரு காலுறை மட்டும்
ஒன்பதாம் மாடிக் கழியில் போய் உட்கார்ந்தது.

இறங்கிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும்.
அதற்கு முன்
இந்த நட்டக்காரக் கையை மடக்கி
நெற்றியை ஒருமுறை துடைத்துக்கொள்கிறேன்.
எட்டுகிறது.