கேள்வி எண் ஏழு

ஒரேகான். அக்டோபர் மழை.
சமையல் மேசையில் இரண்டு வாக்குச்சீட்டுகள்,
ஒன்றின் மூலையில் அதற்குள் காப்பிக் கறை.

'ஆற்றில் வலை வீசத் தடை விதிக்கும் சட்டத்தை
நீக்கும் தீர்மானத்தை
நிறுத்திவைக்கும் ஆணையை
ரத்து செய்யலாமா?'

வெர்லின் விரல் மடக்கினான்.
தடை. நீக்கம். நிறுத்தம்.
மர ஆலை ரம்பம் விட்டுவைத்தது மூன்றே விரல்.
விரல் தீர்ந்த இடத்தில்
'ஆம்' இருந்தது.

ஒடெஸா இரண்டு தரம் உரக்க வாசித்தாள்,
எழுதியவனை ஒரு தரம் திட்டினாள்,
'இல்லை'யைக் கறுப்பாக்கினாள்.

இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்:
சால்மன் மேலேறி வரவேண்டும்.

தபால்பெட்டிக்குப் போகும் வழியில்தான் பேச்சு வந்தது.
உறை ஒட்டியாயிற்று, கையெழுத்தும்.
"நான் போட்டதைத்தானே நீயும்?"
"நீ என்ன போட்டாய்?"
"ஆம்."
"இல்லை."
"இல்லையா? ஆம் என்றுதான்..."
"நான் 'இல்லை' என்றேன்."

முப்பத்தோரு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்
ஒருவரை ஒருவர் கழித்துக்கொண்டு
இரும்புப் பெட்டிக்குள் விழுந்தார்கள்.
ஒரே சத்தம்.

திரும்பும்போது பாலத்தில் நின்றார்கள்.
கீழே, கலங்கலில், ஏதோ புரண்டது.
"மீனா?" என்றாள்.
அவன் அவசரப்பட்டுப்
பதில் சொல்லவில்லை.