நாற்பத்தொன்றாம் பக்கம்

எஸ்பன் கேமராவோடு வந்த அன்று
மேகசின் பாரக்ஸில் வீட்டுக்கு வீடு தேநீர்.
அம்மா வள்ளியாச்சியிடம் சேலை இரவல் வாங்கி
குழாயடியில் போய் நின்றாள்:
"இப்ப எடு."

டர்பன் துறைமுகத்தில்
போலீஸ்காரன் சுருளை உருவி
வெயிலுக்குக் காட்டினான்.

மூன்று வருஷம் கழித்து
கோபன்ஹேகனிலிருந்து புத்தகம்,
எங்கள் சாட்ஸ்வர்த் விலாசத்துக்கு.
தாள், தையல், எழுத்து எல்லாம் அவனே அமைத்தது.
நாற்பத்தொன்றாம் பக்கம் வெள்ளை.
அடியில் பொடி எழுத்தில்
"செங்கமலம், குழாயடி."

அதற்குப் பிறகு பன்னிரண்டு புத்தகம் செய்தானாம்,
பரிசுகூட வாங்கினானாம்.
எதிலும் இப்படியொரு பக்கம் கிடையாது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
வெகுநேரம் பார்த்தாள்.
"சேலை நல்லாத்தான் விழுந்திருக்கு."

ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.
மறுபுறத்து புல்டோசர்
மங்கலாக,
குழாயை நோக்கி.