ஒன்பது முதல் நான்கு வரை

கல்லூரி மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
பழைய எக்ஸ்ரே உறைகள் அடுக்கிய அறைதான்
என் ஒலிப்பதிவுக் கூடம்.
ஜன்னலுக்குக் கம்பளி. மின்விசிறிக்கு விடுமுறை.
வேர்த்துக்கொண்டே சொல்வேன்:
“வணக்கம், இது உங்கள் மருத்துவமனையின் நலச்செய்தி.”
உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.
பாத வெடிப்பு, பூனைக்கடி,
புதிதாக வந்திறங்கிய ஸ்கேன் எந்திரம்,
அதற்கு ரிப்பன் வெட்டியவரின் பட்டங்கள்
அத்தனையும் மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறேன்.
நாற்பதாயிரம் செல்போன்களில்
ஒரு நிமிடம் பத்து நொடிக்கு
நானும் டாக்டர்.

மாசி மாதத்துக்குக் காது.
மெஹருன்னிசா டாக்டர் எழுதிக் கொடுத்தார்:
பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால்
அந்தச் சத்தம் காதைத் தின்கிறது.
பஞ்சு அடைத்தால் போதாது.
நுரை அடைப்பான் எங்களிடம் இலவசம்.
வருடம் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.
நன்றாகத்தான் படித்தேன்.
‘தின்கிறது’ என்ற இடத்தில்
கொஞ்சம் நிறுத்தினேன்கூட.

சோமனூர்ப் பக்கம் மட்டும்
ஏழாயிரம் பேர் போனை எடுத்ததாகக் கணினி சொன்னது.
ஒருவர் வரவில்லை.
அடைப்பான் பெட்டி
ஒட்டிய டேப் பிரியாமல் கிடந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறினேன்.
ஊர் வருவதற்கு முன்பே ஊரின் சத்தம் வந்தது.
தறிக்குடோன் வாசலில் நின்றபோது
என் பல்லில் நாடா ஓடியது.
உள்ளே யாரும் பேசவில்லை,
ஆனால் பேச்சு நடந்துகொண்டிருந்தது.
இரண்டு விரல் கத்தரித்தால் இழை அறுந்தது.
கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ.
மீசை இல்லாத இடத்தில் மீசை முறுக்கினால்
முதலாளி வருகிறார்.

தெய்வாத்தாள் ஆறு தறி ஓட்டுகிறாள்.
அவள் காதருகே போய்க் கத்தினேன்:
நான்தான் அந்தக் குரல்.
அவள் என் வாயைக் காட்டினாள். மறுக்கா சொல்லு.
சொன்னேன். உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.
வெளியே கூட்டிவந்து,
“போன் துடிக்குமுங். எடுத்துக் காதுல வெச்சுக்குவன்.
ஆரோ நல்லதுதாஞ் சொல்லுதுன்னு
அது நிக்கிற வரைக்கும் வெச்சுக்கிட்டே இருப்பனுங்” என்றாள்.
காதிலிருந்து கழிவுப் பஞ்சை உருவி
இதைத்தானே சொன்னீங்க என்பதுபோலக் காட்டி,
திரும்ப வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.
பாவு காத்திருந்தது.

பஸ் நிறுத்தத்து டீக்கடைத் தூணில்
ஒரு தாள் ஒட்டியிருந்தது.
மாதாந்திரப் பராமரிப்பு, வியாழக்கிழமை,
காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை
கீழ்க்கண்ட ஊர்களில் மின்சாரம் இருக்காது.
டீ ஆறும்வரை அதையே படித்தேன்.

மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் போட்டேன்,
எந்தெந்த ஊருக்கு எந்தெந்த நாள் என்று கேட்டு.
“கரண்ட் எப்ப வரும்னுதானுங்க எல்லாருங் கேப்பாங்க,
நீங்க எதுக்கு எப்பப் போகும்னு கேக்கறீங்க?”
என்றார் ஒரு சந்தேகக் குரல்.
காதுக்கு, என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
டீனுக்கும்தான். நலச்செய்தி செவ்வாய்க்கிழமைதானே போகும்,
எப்போதும் அப்படித்தானே என்றார்.
மெஹருன்னிசா டாக்டர் மட்டும்
கோப்பில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்.

வியாழன் பத்தரைக்குச் செய்தி போனது.
தறிகள் நின்ற ஊரில் என் குரல்
எப்படி இருந்திருக்கும் என்று தெரியாது.
மத்தியானம்வரை எதுவுமில்லை.
அப்புறம் ஒரு பெண்:
பூனை கடிச்சா எத்தன ஊசிங்?
அது போன மாசத்துது, என்றேன். சொல்லவும் செய்தேன்.
ஒரு பையன் அடைப்பான் என்ன நிறம் என்றான்.
ஆரஞ்சு.

நான்குக்கு இரண்டு நிமிடம் இருக்கையில்
பொங்கியண்ணன் என்பவர், அறுபது இருக்கும்,
தயங்கித் தயங்கிக் கேட்டார்:
“ஏனுங் அம்மிணி, இந்தச் சேதி
எத்தன நாளா வருதுங்?”

நாலு வருசமா என்று
வாயெடுத்தேன்.
அந்தப் பக்கம்
கரண்ட் வந்துவிட்டது.