ஒரு சொல்லுக்கு வாய்தா

விறகு பிளக்கும் அந்த இயந்திரம் பிறந்தது பின்லாந்தில்.
மூன்று கை மாறி, கோயம்புத்தூரில் மஞ்சள் பூசிக்கொண்டு
கோத்தகிரித் தேயிலை ஆலைக்கு ஏறி வந்தபோது
கூடவே வந்தது
எண்ணெய்க் கறை படிந்த ஒரே ஒரு தாள்.

தாளை என்னிடம் கொடுத்தார்கள்.
தாம்பெரேயில் மூன்று குளிர்காலம்
முதியோர் இல்லத்தில் போர்வை மாற்றியவள் நான்.
(தாம்பரம் என்று எழுதிக்கொண்டார் குமாஸ்தா.)

அசெதுஸ்.
காதுக்கு அசைவது போலிருக்கும்;
பொருளோ, அசையாமல் வைப்பது.
அரசு வைத்தால் ஆணை.
மெக்கானிக் திருகி வைத்தால்
கத்திக்கும் கத்திக்கும் நடுவே விடும் அளவு.

தாளில் இருந்த வரி இவ்வளவுதான்:
"அசெதுஸின்படி, கை நுழையாமல்."

ஆணை என்றால் முதலாளி கட்ட வேண்டும்.
அளவு என்றால்
கடைசியாகத் திருகியவள் யோகராணி.
வலது கையில் மூன்று விரல்.
போனது மூன்றா, மிச்சம் மூன்றா என்று
முதல் நாள் குறிப்பில் தெளிவில்லை.
அதற்கே ஒரு வாய்தா போயிற்று.

இரவு, குன்னூர் அறையில், ஆணை என்று எழுதினேன்.
சங்கிலிக்கொம்பைக் கழற்றி மேல்விலங்கு மாட்டினால்
ஆணி.
அடித்தேன்.
விதி என்று எழுதி, அதைவிட வேகமாக அடித்தேன்.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களெல்லாம்
அவளிடம் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்.

விடியலில் சாரல் உள்ளே அடித்தது.
ஜன்னலை இழுத்தேன், சாத்த வரவில்லை,
மழையில் ஊறி உப்பியிருந்தது
சட்டம்.

"எந்தச் சட்டம்மா?
சட்டசபையுடையதா, தச்சனுடையதா?"
நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.
"மூலத்தில் இரண்டும் உண்டு, ஐயா.
இயந்திரத்தில் எது இருந்தது என்று
தாளுக்குத் தெரியாது."

எதிர்த்தரப்பு எழுந்தது. இது மொழிபெயர்ப்பா, அபிப்பிராயமா?
போய்ப் பார்த்துவிடலாம் என்றார் நீதிபதி,
ஏதோ மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

ஜீப்பில் ஏழு பேர். வழியெல்லாம் மூடுபனி.
கொதிகலன் பக்கம் மட்டும் வெயிலடித்த வாசம்.
கத்திக்கு மேலே நான்கு துளை, ஆணி இல்லை.
துளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சதுரம்,
கோயம்புத்தூர் மஞ்சள் ஏறாத
பழைய பச்சை.

இங்கே வந்த பிறகு கழற்றியது.
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

யோகராணி இடது கையால்
பச்சையின் ஓரங்களைத் தடவிக்கொண்டே வந்தாள்,
ஒரு மூலை, அடுத்த மூலை.
குமாஸ்தா பேனா மூடியைக் கடித்தபடி என் பக்கம் திரும்பி,
இதை என்னவென்று எழுத, என்றார்.