நான்காவது விரிப்பு

நான்காவது விரிப்பும் போயிற்று.
பத்து மணிக்குமேல் சலவை இயந்திரம் ஓடக்கூடாது,
அடுக்ககத்தின் சட்டம்.
குளியலறையில் குந்திக்
கையால் கசக்குகிறான் ஆர்த்து.
தோளில் ஹில்லா, பிழியாத துணியாய்.

வயிற்றில் எதுவும் நிற்கவில்லை.
ஒரு ஸ்பூன் தண்ணீர்.
கடிகாரம்.
இன்னொரு ஸ்பூன். இது தங்கினால் போதும்.

பனி அள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு
விட்டத்தில் சுழன்று போகிறது.
"அம்மா" என்கிறாள், கண் திறக்காமல்.
அம்மாதான்.
அவளுக்கு இன்னும் பதினோரு தெரு பாக்கி.

ஔலுவில் ஜனவரி விடியப் பத்தாகும்;
இவளுக்கு ஏழுக்கே பசிக்கிறது.
புளூபெர்ரிக் கஞ்சி நாலு வாய்,
நாக்கெல்லாம் நீலம்.

பால்கனியிலிருந்து விரிப்பைத் தூக்கி வருகிறான்.
பலகையாய் விறைத்திருக்கிறது.
சுவரில் சாய்த்ததும்
ஹில்லா போய்த் தட்டுகிறாள்,
யாராவது திறப்பார்களென்று.